கேஸ் பாய்லருக்குள் கரி: தேய்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

கொச்சி புதுவைப்பு எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) முனையத்திலிருந்து கிளம்பும் இயற்கை எரிவாயு, பாலக்காடு மாவட்டத்தின் கூற்றநாட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வடக்கே மங்களூருக்குப் போகிறது. 450 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கொச்சி–மங்களூரு குழாய் 2021 ஜனவரி 5 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. இன்னொரு கிளை கிழக்கே வாளையாருக்கு வந்து, எல்லையைத் தாண்டிக் கோவைப் பக்கத்துக்குத் திறந்துவிடுகிறது. அதற்கு அப்புறம் கஞ்சிக்கோடு முதல் கிணத்துக்கடவு, பொள்ளாச்சி வரை ஒரே பேச்சு: விறகை விடலாமா, ஃபர்னஸ் ஆயிலை விடலாமா, சிலிண்டர் வரிசையை எடுத்துவிட்டுக் குழாய் கேஸுக்கு மாறலாமா?

அந்தப் பேச்சோடு சேர்ந்து இரண்டு தவறான நம்பிக்கைகளும் சுற்றுகின்றன. "கேஸில் புகையே கிடையாது, பாய்லரைத் திறக்கவே வேண்டாம்" என்பது ஒன்று. இணையத்தில் வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு, "மாதம் ஒருமுறை வினிகர் ஊற்றிக் கழுவ வேண்டும்" என்பது இன்னொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது, குளிர்நாட்டு வீடுகளில் சுவரில் தொங்கும் கண்டென்சிங் பாய்லருக்கு (எரிந்த வாயுவிலுள்ள நீராவியை நீராக்கி அதன் சூட்டையும் எடுத்துக்கொள்ளும் வகை) செய்யும் வேலை. அதிலும் எந்த உலோகத்தில் எதை ஊற்றலாம் என்பதைத் தயாரிப்பாளர் கையேடுதான் சொல்ல வேண்டும். நம் ஊர் லாண்டரியிலும் ஓட்டல் சமையற்கூடத்திலும் பால் பண்ணையிலும் நிற்கும் ஃபயர்-டியூப் பாய்லருக்கு (தண்ணீருக்கு நடுவே உள்ள குழாய்களில் சூடான வாயு ஓடும் வகை) அது பொருந்தாது.

சரியாக எரியும் கேஸ் பாய்லரில் கரி சேராது. கரி சேர்ந்திருக்கிறது என்றால் பர்னரில் ஏதோ கோளாறு. அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்காமல் கரியை மட்டும் தேய்த்து எடுத்தால், இருந்த ஒரே தடயத்தையும் நாமே அழித்துவிடுகிறோம்.

எரி அறைக்குள் என்ன நடக்கிறது

எரி அறை என்பது பர்னரின் தீ நாக்கு நீளும் இடம். ஃபயர்-டியூப் பாய்லரில் அது ஒரு பெரிய உருளைக் குழாய். தொழிலாளர்கள் ஃபர்னஸ் என்பார்கள். அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். தீயிலிருந்து வரும் சூடான வாயு ஃபர்னஸின் கடைசி வரை போய்த் திரும்பி, சிறிய டியூப்களின் வழியே ஓரிரு முறை பயணித்துச் சிம்னிக்குப் போகும். முன்கதவிலும் திரும்பும் இடத்திலும் சூட்டைத் தாங்கப் பயர் பிரிக்ஸ், வார்ப்புப் பூச்சு அல்லது செராமிக் ஃபைபர் பதித்திருப்பார்கள்.

குழாய் கேஸில் பெரும்பங்கு மீத்தேன். ஒரு கன மீட்டர் மீத்தேன் முழுதாக எரிய ஏறக்குறைய 9.5 கன மீட்டர் காற்று வேண்டும். எல்.பி.ஜி. என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அதே ஒரு கன மீட்டர் புரொப்பேனுக்கு 24, பியூட்டேனுக்கு 31 கன மீட்டர் காற்று தேவை. கணக்குக்குச் சரியாக விட்டால் போதாது. கேஸும் காற்றும் மூலை முடுக்கெல்லாம் ஒரே அளவில் கலப்பதில்லை என்பதால் 10 முதல் 15 சதவீதம் காற்றைக் கூடுதலாகவே விடுவார்கள். அப்படி விட்டால் சிம்னி வாயுவில் 2 முதல் 3 சதவீதம் ஆக்சிஜன் மிச்சம் நிற்கும்.

காற்று குறைந்தால் இரண்டு பொருள்கள் உண்டாகும். ஒன்று கார்பன் மோனாக்சைடு, நச்சு வாயு. மற்றொன்று எரியாத கார்பன் துகள், அதாவது கரி. தீ மஞ்சளாகத் தெரிவதற்குக் காரணம் இந்தக் கார்பன் துகள்கள் சூட்டில் ஒளிர்வதுதான். வீட்டு அடுப்பில் பாத்திரத்தின் அடி கருத்தால் பாத்திரத்தைத் திட்டாமல் பர்னரைப் பார்க்கிறோமே, அதே நியாயம்தான் இங்கும். ஆனால் கரி கண்ணுக்குத் தெரியும், கார்பன் மோனாக்சைடு தெரியாது. பெரும்பாலும் கரிக்கு முன்பே அது உருவாகத் தொடங்கிவிடும். ஆகவே 'கரி இல்லை, எல்லாம் சரி' என்று கண்ணால் முடிவு செய்ய முடியாது. சிம்னி வாயுவில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் ஃப்ளூ கேஸ் அனலைசர் வைத்து அளக்க வேண்டும்.

காற்றை ஏகமாகத் திறந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? கரி வராது, சரி. ஆனால் தேவையில்லாத காற்றையும் சூடாக்கிச் சிம்னி வழியே வெளியே அனுப்புகிறோம். காற்று அளவு மீறினால் தீ குளிர்ந்து, பர்னர் முகத்தை விட்டு எழும்பி, மறுபடியும் கார்பன் மோனாக்சைடு வரத் தொடங்கும்.

காற்று ஏன் குறைகிறது: எல்லைப்புறத்துக் காரணங்கள்

பர்னர் கையேட்டில் இருக்கும் பொதுவான காரணங்களை யாரும் படித்துக்கொள்ளலாம். வாளையார்–பொள்ளாச்சி–கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

1. தூசி. பொள்ளாச்சியைச் சுற்றித் தேங்காய் நார் மில்கள், கோவைப் பக்கம் பஞ்சாலைகள், லாண்டரிகளில் துணியிலிருந்து கிளம்பும் பஞ்சு. பர்னரின் புளோயர் இவை எல்லாவற்றையும் உறிஞ்சுகிறது. விசிறியின் சின்னச் சின்னத் தகடுகளின் வளைவில் தூசி ஒட்டிக்கொண்டால், மோட்டார் அதே வேகத்தில்தான் சுற்றும், சத்தமும் மாறாது, ஆனால் காற்று குறைந்துவிடும். காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகடான டேம்பரின் திறப்பைப் பார்த்து 'செட்டிங் மாறவில்லையே' என்று ஆபரேட்டர் சொல்வார். அவர் சொல்வதும் உண்மை. எரி அறையில் கரி இருந்தால் பிரஷ்ஷை எடுக்கும் முன் புளோயர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அங்கேயே விடை கிடைத்துவிடும் சந்தர்ப்பம் நிறைய.

2. கேஸ் மாற்றம். எல்.பி.ஜி.க்கும் குழாய் கேஸுக்கும் வெப்ப மதிப்பும் அடர்த்தியும் வேறு. ஒரே நாசில், ஒரே அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், குழாய் கேஸ் போகும் இடத்தில் எல்.பி.ஜி.யை விட்டால் ஒன்றரை மடங்குக்கு மேல் வெப்பச் சுமை உள்ளே போகும். காற்றோ அதே அளவுதான். விளைவு, அடர்ந்த கரி. குழாயில் சப்ளை நின்ற நாளில் 'இன்று ஒருநாள் சிலிண்டரில் ஓட்டிவிடலாம்' என்று பழைய வரிசையைத் திறப்பது இதனால்தான் ஆபத்து. இரண்டு எரிபொருளுக்கும் என்றே வடிவமைத்த பர்னரில், ஒவ்வொன்றுக்கும் தனி கேஸ் டிரெயின் (பர்னருக்குக் கேஸைக் கொண்டுவரும் வால்வு வரிசை), தனி செட்டிங் இருந்தால் மட்டுமே அப்படி மாற்றலாம்.

3. கணவாய்க் காற்று. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றும் அதே காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து சிம்னியின் வாயிலும் மோதுகிறது. புளோயர் இல்லாமல் இயல்பான இழுப்பில் ஓடும் சிறிய வெந்நீர்ப் பாய்லர்களில் இது புகையை உள்ளே திருப்பிவிடும். புளோயர் உள்ள பர்னரிலும் சிம்னி அழுத்தம் ஏறி இறங்குவதால் தீ ஆடும். ஆனி, ஆடியில் மட்டும் பாய்லர் அடிக்கடி லாக்அவுட் ஆகிறது (தீ இல்லை என்று கண்டு பர்னர் தானாக நின்றுவிடுகிறது) என்றால் பர்னரோடு சிம்னித் தொப்பியையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும்.

4. அடைத்த அறை. மழைச் சாரலுக்குப் பயந்து பாய்லர் அறையின் ஜன்னலைத் தார்ப்பாயால் மூடிவிடுகிறார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் வேறு அறைக் காற்றை வெளியே இழுக்கிறது. மணிக்கு 20 கன மீட்டர் கேஸ் எரிக்கும் பர்னருக்கு மணிக்கு 200 கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும். அது எங்கிருந்து வரும்?

5. பழைய பாய்லரின் மிச்சம். விறகிலோ தேங்காய்த் தொட்டியிலோ ஓடிய பாய்லருக்குக் கேஸ் பர்னர் பொருத்தும்போது, டியூப்களில் ஒட்டியிருக்கும் பழைய சாம்பலை முழுமையாக எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் வாயு போகும் வழி குறுகி, புது பர்னருக்கு ஆரம்பத்திலிருந்தே மூச்சு முட்டும். ஃபர்னஸின் நீளமும் விட்டமும் கேஸ் தீயின் வடிவத்துக்குப் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. விலைப்பட்டியலை மட்டும் பார்த்து பர்னர் வாங்கும் இடங்களில் இதை யாரும் கேட்பதில்லை.

'பாய்லர் ஒழுகுகிறது' என்ற பயம்

கேஸுக்கு மாறிய புதிதில் முன்கதவிலிருந்தோ சிம்னி அடியிலிருந்தோ தண்ணீர் சொட்டும். டியூப் ஓட்டையாகிவிட்டது என்று பயந்துவிடுவார்கள். பெரும்பாலும் அது எரிதலில் பிறந்த நீர். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. அந்த 20 கன மீட்டர் பர்னர் மணிக்கு 32 கிலோ நீரை உற்பத்தி செய்கிறது என்று அர்த்தம். டீசலில் ஓட்டியவர்களுக்கு இது பழக்கமில்லாத அளவு.

இந்த நீராவி சுமார் 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உள்ள உலோகத்தைத் தொட்டால் நீராகப் படியும். காலையில் குளிர்ந்த பாய்லரைப் பற்றவைக்கும்போது கொஞ்ச நேரம் சொட்டுவது இயல்பு. சூடேறியும் நிற்கவில்லை என்றால் இரண்டில் ஒன்று: உண்மையிலேயே டியூப் கசிகிறது, அல்லது திரும்பி வரும் தண்ணீர் மிகக் குளிர்ச்சியாக இருக்கிறது. நீராவிப் பாய்லரில் இரண்டாவதற்கு வாய்ப்பு குறைவு. வெந்நீர்ப் பாய்லரில் அதிகம். படியும் நீர் லேசான அமிலத் தன்மை கொண்டது. கரியோடு சேர்ந்து அது டியூப் முனைகளை அரிக்கும். பருவமழைக் காலத்தில் பாய்லரை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள், கரியை எடுத்து உலர்த்திவிட்டு நிறுத்த வேண்டும் என்பதற்குக் காரணமும் இதுவே. ஈரம் உறிஞ்சிய கரி, ஓடாத பாய்லரையும் தின்னும்.

கரியை விட்டுவைத்தால்

பண நஷ்டம் முதலில். எரிசக்தித் திறன் பணியகத்தின் (பி.இ.இ.) பயிற்சி நூல்கள் சொல்லும் கணக்கின்படி, வெப்பம் கடத்தும் பரப்பில் 3 மில்லிமீட்டர் கரி இருந்தால் எரிபொருள் செலவு சுமார் 2.5 சதவீதம் கூடும். சிம்னி வெப்பநிலை 22 டிகிரி ஏறினால் திறன் 1 சதவீதம் போகும். ஒரு நல்ல தெர்மாமீட்டரும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் பாய்லரைத் திறக்காமலே கரி சேர்வதைக் கண்டுபிடிக்கலாம். ஒரே சுமையில், ஒரே நீராவி அழுத்தத்தில் அளந்த சிம்னி வெப்பநிலை வாரா வாரம் ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்த்தால் போதும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சிம்னி சூடு ஏறுவதற்குக் கரி மட்டும் காரணமில்லை. நம் பகுதி போர்வெல் தண்ணீரின் உப்பு டியூப்களின் மறுபக்கத்தில், அதாவது தண்ணீர்ப் பக்கத்தில், கல்லாகப் படிந்தாலும் அதே அறிகுறிதான் தெரியும். எரி அறை சுத்தமாக இருந்தும் சிம்னி கொதிக்கிறது என்றால் சந்தேகம் தண்ணீர்ப் பக்கம் திரும்ப வேண்டும். உண்மையில் அதுதான் பெரிய ஆபத்து. தண்ணீர் தொடாத ஃபர்னஸ் சுவர் அளவுமீறிச் சூடாகி உள்பக்கம் புடைக்கும்.

அடுத்தது உயிர் நஷ்டம். கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். நிறமில்லை, மணமில்லை. கேஸ் கசிந்தால் நாற்றம் வருவது அதில் கலந்திருக்கும் மெர்காப்டனால். எரிந்த பிறகு அந்த நாற்றமும் இருக்காது. அறைக் காற்றில் 200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 200 பங்கு) இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி. 800 பி.பி.எம். இருந்தால் முக்கால் மணி நேரத்தில் தலைசுற்றலும் குமட்டலும், இரண்டு மணி நேரத்துக்குள் மயக்கம். கரி படிந்து டியூப்கள் அடைபட்ட பாய்லரில் இந்த வாயு சிம்னிக்குப் போக முடியாமல் முன்கதவு இடுக்கு வழியாக ஆபரேட்டர் நிற்கும் அறைக்குள் வரும்.

மூன்றாவது, வெடிப்பு. பாய்லர் வெடிப்பு என்றதும் எல்லோரும் நீராவி அழுத்தத்தைத்தான் நினைக்கிறோம். கேஸ் பாய்லரில் எரி அறை வெடிப்பும் உண்டு. பர்னர் பற்றவில்லை, லாக்அவுட் ஆகிறது. ஆபரேட்டர் ரீசெட் பட்டனை அழுத்துகிறார். மறுபடி லாக்அவுட், மறுபடி ரீசெட். ஒவ்வொரு முயற்சியிலும் சில நொடி கேஸ் உள்ளே போய் எரியாமல் தங்குகிறது. அதை வெளியேற்றத்தான் ப்ரீ-பர்ஜ் இருக்கிறது: பற்றவைக்கும் முன் எரி அறையின் கொள்ளளவைப்போல நான்கு மடங்கு காற்றையாவது ஊதித் தள்ளுவது பரவலான வழக்கம். நேரம் மிச்சம் என்று இந்த டைமரைக் குறைத்து வைத்திருந்தாலோ, புளோயர் தூசியால் பலவீனமாக இருந்தாலோ அந்தப் பாதுகாப்பு வெறும் பெயருக்குத்தான்.

எவ்வளவு கேஸ் சேர்ந்தால் ஆபத்து? காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை வெடிக்கும். எல்.பி.ஜி. 2 சதவீதத்திலேயே தொடங்கிவிடும். ஒரு கன மீட்டர் கொள்ளளவுள்ள எரி அறைக்கு 20 லிட்டர் எல்.பி.ஜி. ஆவி போதும். எடையில் அது ஏறக்குறைய 40 கிராம். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே ஒருமுறை ரீசெட் செய்து பற்றவில்லை என்றால், காரணம் தெரியாமல் அடுத்த ரீசெட் கூடாது.

திறப்பதற்கு முன்

வேலையின் கடினமான பகுதி இதுதான். தேய்ப்பதை யாரும் செய்துவிடலாம்.

1. பர்னரை நிறுத்தி, புளோயரை ஓடவிட்டு உள்ளே இருப்பதை வெளியேற்றிய பிறகு, பாய்லரைத் தானாக ஆறவிடுங்கள். ஒரு இரவாவது வேண்டும். சீக்கிரம் ஆற வேண்டும் என்று குளிர்ந்த நீர் ஏற்றினால் டியூப் முனைகள் டியூப் தகட்டோடு சேரும் இடங்கள் தளரும், பயர் பிரிக்ஸ் வெடிக்கும்.

2. கேஸை இரண்டு இடத்தில் மூடுங்கள்: பாய்லருக்கு வரும் வழியிலுள்ள கை வால்வு, கேஸ் டிரெயினின் முதல் வால்வு. எலெக்ட்ரிக் சோலனாய்டு வால்வை நம்பி உள்ளே இறங்கக் கூடாது. நெடுநேர வேலையென்றால் ஃபிளாஞ்சைக் கழற்றித் தகடு போட்டு அடைப்பது நல்லது.

3. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுங்கள். சாவி உள்ளே போகிறவர் பையில் இருக்க வேண்டும். எச்சரிக்கை அட்டை மட்டும் போதாது. ஷிஃப்ட் மாறும்போது அட்டையை யாரும் படிப்பதில்லை.

4. இன்னொரு பாய்லர் அதே ஹெடரில் (பொது நீராவிக் குழாயில்) இணைந்திருந்தால் நீராவி வால்வு, தண்ணீர் ஏற்றும் ஃபீட் வால்வு, அழுக்கு நீரை வெளியேற்றும் புளோடவுன் மூன்றையும் தனிமைப்படுத்துங்கள். பக்கத்துப் பாய்லரைப் புளோடவுன் செய்யும்போது பொதுக் குழாய் வழியாகக் கொதிநீர் இங்கே திரும்பி வரும் விபத்து, துறையில் பழகியவர்களுக்குத் தெரிந்ததே.

5. கதவைத் திறந்ததும் தலையை நீட்டாதீர்கள். கேஸ் டிடெக்டரை முதலில் நீட்டுங்கள். மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலே தேங்கும். எல்.பி.ஜி. கனமானது, ஃபர்னஸின் அடியிலும் தரைக் குழியிலும் கிடக்கும். எதில் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அளக்கும் இடம் மாறும். இரண்டிலும் ஓடியிருந்தால் இரண்டு இடத்திலும் பாருங்கள்.

6. ஆள் நுழையும் அளவு ஃபர்னஸ் என்றால் அது மூடிய வெளி. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வெளியே ஒருவர் நிற்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் கூடாது என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஏ பிரிவே வரம்பு வைத்தது. வியர்த்த உடம்பு, சுற்றிலும் இரும்பு, கையில் 230 வோல்ட் விளக்கு: அந்த வரம்பு ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

முதலில் பார்க்க, பிறகு தேய்க்க

கை வைக்கும் முன் போட்டோ எடுங்கள். எரி அறைக்குள் தெரியும் நிறமும் அது படிந்திருக்கும் இடமும் நிறையச் சொல்லும்.

எல்லா இடத்திலும் ஒரே சீராக, பஞ்சு போன்ற கறுப்பு என்றால் மொத்தமாகக் காற்றுப் பஞ்சம்: புளோயர், டேம்பர், கேஸ் அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கச் சுவரில் மட்டும் கறுப்பு என்றால் தீ சாய்ந்து சுவரைத் தொடுகிறது. குளிர்ந்த உலோகத்தைத் தீ தொட்டால் அந்த இடத்தில் எரிதல் நின்று கரி படியும். பர்னர் தலை கோணலா, கேஸையும் காற்றையும் கலக்க உதவும் டிஃப்யூசர் தகடு வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செம்பழுப்புச் செதில்கள் என்றால் நீர் படிந்து துரு பிடித்திருக்கிறது. வெள்ளைத் தூள் பெரும்பாலும் எரிதலில் வந்ததாக இருக்காது. பயர் பிரிக் அல்லது ஃபைபர் உதிர்கிறது, அல்லது கசிந்த பாய்லர் நீரின் உப்பு. டியூப் முனையில் வெள்ளைக் கோடு வழிந்திருந்தால் அது கசிவு. ஃபர்னஸ் சுவரில் புடைப்பு தெரிந்தால் சுத்தம் செய்யும் வேலையையே நிறுத்திவிட்டு, பாய்லரை ஓட்டாமல் ஆய்வாளரைக் கூப்பிட வேண்டும்.

தேய்ப்பது பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. டியூப் விட்டத்துக்குப் பொருந்தும் பிரஷ், முனையிலிருந்து முனை வரை ஒரே இழுப்பு. கூடவே நுண்துகள் வடிகட்டியுள்ள வாக்குவம். கம்ப்ரெசர் காற்றால் ஊதக் கூடாது. கரி மேகமாகக் கிளம்பி நுரையீரலுக்கும் பக்கத்து மின் பெட்டிக்கும் போகும். தண்ணீர் கூடாது, பயர் பிரிக் குடித்த நீர் அடுத்த தீயில் ஆவியாகி அதை உடைக்கும். முகத்துக்குக் கைக்குட்டை போதாது, என்-95 தரத்து மாஸ்க்காவது வேண்டும்.

செராமிக் ஃபைபர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதிதாக வெள்ளைப் பஞ்சு மெத்தைபோல இருக்கும் இது, நெடுநாள் கடும் சூட்டில் இருந்தபின் நொறுங்கத் தொடங்கும். அந்தத் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் படிக சிலிக்கா உண்டாகியிருக்கலாம். அதன்மேல் பிரஷ் போடாதீர்கள். மாற்ற வேண்டுமானால் லேசாக நீர் தெளித்து, பையில் கட்டி எடுக்க வேண்டும். பழைய பாய்லர்களின் கதவுக் கயிறு அஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்புண்டு. அதற்கும் இதே ஜாக்கிரதை தேவை.

பயர் பிரிக்கில் தலைமுடி அளவு விரிசல் சூட்டில் மூடிக்கொள்ளும், விட்டுவிடலாம். துண்டு விழுந்திருந்தாலோ பின்னாலுள்ள இரும்பு தெரிந்தாலோ பூச வேண்டும். பூசிய கலவையைத் தயாரிப்பாளர் சொன்ன வேகத்தில் மெல்லச் சூடேற்றி உலர்த்த வேண்டும். அன்று மாலையே முழுத் தீயில் ஓட்டினால் பூசியது கையோடு வந்துவிடும்.

தீயைக் கண்காணிக்கும் ஃபிளேம் ராடு அல்லது யூ.வி. செல், பற்றவைக்கும் எலெக்ட்ரோடு ஆகியவற்றை மெல்லிய துணியால் துடைத்து, பீங்கானில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். எலெக்ட்ரோடு இடைவெளியைக் கண்ணளவில் மாற்றக் கூடாது.

மூடிய பிறகு

கதவுக்குப் புதுக் கயிறு போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராகச் சமமாக இறுக்க வேண்டும். பிரித்த கேஸ் இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நீர் வைத்துக் கசிவு பார்க்க வேண்டும். பிறகு முழு ப்ரீ-பர்ஜோடு பற்றவைத்து, குறைந்த தீ, முழுத் தீ இரண்டிலும் அனலைசரால் அளக்க வேண்டும். நன்றாக டியூன் செய்த பர்னரில் சிம்னி வாயுவின் கார்பன் மோனாக்சைடு சில பத்து பி.பி.எம்.மில் நிற்கும். 100-ஐத் தாண்டினால் காரணம் தேடாமல் விடக் கூடாது. ஓடும்போது கேஸ் வால்வை மூடிப் பார்த்தால் பர்னர் உடனே அணைந்து லாக்அவுட் ஆக வேண்டும். காற்று அழுத்த சுவிட்ச், குறைந்த நீர் மட்ட சுவிட்ச் இரண்டையும் அப்போதே சோதிக்கலாம்.

திறப்பதும் கரி எடுப்பதும் சான்றிதழ் பெற்ற பாய்லர் அட்டெண்டண்ட் முன்னிலையில் ஆலை ஆட்களே செய்யக்கூடிய வேலை. கேஸ்–காற்று விகிதத்தைத் தொடுவது பர்னர் நிறுவனத்தில் பயிற்சி பெற்றவர் வேலை. அனலைசர் கொண்டுவராமல் ஸ்க்ரூடிரைவரோடு மட்டும் வருபவரை, எவ்வளவு அனுபவம் சொன்னாலும், பர்னரைத் தொட விடாதீர்கள்.

எல்லையின் இரு பக்கமும் சட்டம்

1923-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன்கள் சட்டத்தின் இடத்தில் 2025-இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. இந்தச் சட்டம் நாடு முழுதுக்கும் ஒன்றுதான் என்றாலும் அதை நடத்துவது மாநிலங்கள். வாளையாருக்குக் கிழக்கே தமிழ்நாடு கொதிகலன்கள் இயக்ககம், மேற்கே கேரளத்தின் தொழிற்சாலைகள் மற்றும் கொதிகலன்கள் துறை. கஞ்சிக்கோட்டில் ஓடிய பாய்லரை வாங்கிப் பொள்ளாச்சியில் நிறுத்துபவர்கள், பதிவு மாற்றத்தையும் புது ஆய்வையும் முடிக்காமல் பற்றவைக்கக் கூடாது. டியூப் மாற்றுவது, ஃபர்னஸில் வெல்டிங் செய்வது போன்ற வேலைகளுக்கு முன் அனுமதி வேண்டும். சுத்தம் செய்யப்போய் ஓட்டையைக் கண்டு, உள்ளூர் வெல்டரை வைத்து அடைத்துவிடுவது சட்டப்படியும் தவறு, உயிருக்கும் ஆபத்து.

25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு, 1 கிலோ/சதுர செ.மீ.க்குக் குறைந்த அழுத்தம், 100 டிகிரிக்குக் கீழே மட்டும் நீரைச் சூடாக்குவது ஆகியவை பாய்லர் சட்டத்துக்குள் வருவதில்லை. ஓட்டல்களின் வெந்நீர்ப் பாய்லர்கள் பல இந்த இடைவெளியில் நிற்கின்றன. ஆய்வாளர் வருவதில்லை என்பதால் கரியும் கார்பன் மோனாக்சைடும் வராமல் போவதில்லை.

மலை வீடுகளின் கேஸ் கீசர்

மூணாறு, வண்டிப்பெரியார், குமுளி, வால்பாறை, கூடலூர் போன்ற குளிர்ந்த இடங்களில் வீட்டுக் கேஸ் கீசரும் இதே இயந்திரத்தின் சின்ன வடிவம்தான்: அடியில் பர்னர், மேலே செம்புத் தகடுகள். அந்தத் தகடுகளின் இடுக்கில் கரியோ சிலந்தி வலையோ அடைத்தால் எரிந்த வாயு மேலே போகாமல் முன்பக்கமாக வழியும். சின்னக் குளியலறை, அடைத்த கதவு, வெளியே மழை என்றால் சில நிமிடங்களே போதும். கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டுவதுதான் முதல் பாதுகாப்பு. தீ மஞ்சளாகத் தெரிந்தாலோ, மூடியின் மேல் கருத்தாலோ நிறுத்திவிட்டு சர்வீஸ் ஆளை அழைக்க வேண்டும். வீட்டில் கழற்றும் வேலை வேண்டாம்.

குளியலறையில் யாராவது மயங்கினால் கதவைத் திறந்து, கேஸை மூடி, அவரை வெளிக் காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள். கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. அது 98 காட்டினாலும் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் சாதாரண ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் ஒட்டியதாகவே கணக்கிடும். மருத்துவமனையில் முதல் வாக்கியமாகவே "கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது" என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டால்தான் அவர்கள் அதற்குரிய ரத்தப் பரிசோதனையைச் செய்து, முழு ஆக்சிஜனை உடனே தொடங்குவார்கள்.